"ஹேவ்" எங்கே இடறுகிறது: சீன மொழி மாணவர்களின் பிழைகளை அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் டியூஷன் எடுப்பவர்கள், வீட்டிலிருந்தே இணையவழி வகுப்பு நடத்துபவர்கள் எனச் சீன மொழி பேசும் மாணவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தரும் தமிழர்கள் உண்டு. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மாணவரின் கட்டுரையைத் திருத்தும்போது "ஹேவ்" என்ற வினையைச் சுற்றித்தான் சிவப்பு மை அதிகம் விழும். தப்பை அடித்துவிட்டு, சரியான வாக்கியத்தை மேலே எழுதிக் கொடுப்போம். மாணவரும் தலையாட்டிக்கொண்டு வாங்கிப் போவார், அடுத்த வாரம் அதே தப்போடு வருவார். குறை மாணவர்மேல் இல்லை. வெளியே ஒரே மாதிரி தெரியும் இந்தத் தப்புகளுக்கு உள்ளே வேறு வேறு காரணங்கள் இருக்கின்றன. காய்ச்சலுக்கு மாத்திரை எழுதும் முன் எதனால் காய்ச்சல் என்று பார்க்கிறார்களே, அதுபோல இங்கேயும் முதலில் மூலத்தைப் பிடிக்க வேண்டும்.

அதற்குச் சீனம் படித்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. தப்பான வாக்கியத்தைக் காட்டி, "இதையே உங்கள் மொழியில் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். மாண்டரினில் அவர் சொல்லும்போது உங்கள் காது தேட வேண்டியவை ஐந்தே ஒலிகள். "யோ" என்றால் இருக்கிறது, உண்டு. "மெய்யோ" என்றால் இல்லை. ஒரு செயல் நடக்கவில்லை என்று சொல்லவும் அதுவேதான். "ல" என்பது வினைக்குப் பின்னாலோ வாக்கியத்தின் கடைசியிலோ ஒட்டிக்கொண்டு, ஒன்று நடந்து முடிந்ததையோ நிலைமை மாறிவிட்டதையோ காட்டும். "குவோ" வினைக்குப் பின்னால் வந்து, அந்த அனுபவம் ஒருமுறையாவது உண்டு என்று சொல்லும். கடைசியாக "காய்": திற என்று பொருள், ஆனால் கதவோடு நிற்காத சொல். எந்த ஒலி கேட்கிறதோ அதை வைத்துக் கீழே உள்ள பகுதிக்குப் போகலாம்.

அறிகுறி: "தேர் ஹேவ் எ புக் ஆன் த டேபிள்"

கேட்கும் ஒலி "யோ". சீன வாக்கியம் இப்படி வரும்: "ஜுவோஸ ஷாங் யோ யீ பென் ஷூ". மேசை, மேல், யோ, ஒரு, பென், புத்தகம் என்ற வரிசை. "பென்" என்பது புத்தகங்களை எண்ணும்போது எண்ணோடு சேர்த்துச் சொல்லும் அலகு. இப்போது "என்னிடம் ஒரு புத்தகம் இருக்கிறது" என்று சொல்லச் சொல்லுங்கள். "வோ யோ யீ பென் ஷூ" என்பார். "வோ" என்றால் நான். இரண்டு வாக்கியத்திலும் நடுவில் நிற்பது அதே "யோ". ஒரு பொருள் ஓரிடத்தில் இருப்பதும் ஒருவருக்குச் சொந்தமாக இருப்பதும் அவர்களுக்கு ஒரே வினை.

நமக்கும் அப்படித்தான். மேசைமேல் புத்தகம் இருக்கிறது, எனக்குத் தம்பி இருக்கிறான்: இரண்டுக்கும் "இரு" போதும். அதனால் இந்தக் குழப்பம் தமிழ் ஆசிரியருக்குச் சட்டென்று பிடிபடும். ஒரே ஒரு வித்தியாசம் உண்டு. தமிழில் உடையவரை "எனக்கு", "என்னிடம்" என்று உருபு போட்டுக் காட்டுகிறோம். சீனத்தில் அவர் வெறும் "நான்" ஆகவே நிற்கிறார். ஆகவே "ஐ ஹேவ்" அவர்களுக்குத் தடங்கல் இல்லாமல் வந்துவிடும். இடத்தை வைத்துத் தொடங்கும் வாக்கியத்தில்தான் கால் இடறும்.

சரிசெய்ய, வாக்கியத்தின் முன்பகுதியில் "இன்", "ஆன்", "அண்டர்" மாதிரி ஒரு சொல் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். "இன் மை சிட்டி ஹேவ் மெனி பார்க்ஸ்" என்று எழுதியிருந்தால் அவருக்கு இரண்டு வழி. "இன்" இருக்கட்டும் என்றால் "ஹேவ்" போக வேண்டும்: "தேர் ஆர் மெனி பார்க்ஸ் இன் மை சிட்டி". "ஹேவ்" இருக்கட்டும் என்றால் "இன்" போக வேண்டும்: "மை சிட்டி ஹேஸ் மெனி பார்க்ஸ்". இரண்டையும் எழுத வைத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றிப் பழக்குங்கள். நகரம், வகுப்பு, கம்பெனி, வாரம் இவற்றுக்கெல்லாம் இரண்டாம் வழி ஒத்துவரும். மேசைக்கு அவ்வளவு இயல்பாக வராது, அங்கே முதல் வழியையே பிடித்துக்கொள்ளலாம்.

இதற்குப் பிறகும் தப்பு நீடித்தால் "தேர் பீ" என்று சொல்லிப் பாருங்கள். சீனப் பள்ளிகளில் இந்த அமைப்பை அந்தப் பெயரில்தான் சொல்லித்தருகிறார்கள். நாம் எவ்வளவு விளக்கினாலும் ஏறாதது, பள்ளியில் கேட்ட அந்தப் பெயரைக் கேட்டதும் ஏறிவிடும்.

அறிகுறி: "தேர் ஆர் மெனி பீப்பிள் லைக் திஸ் கேம்"

இது முந்தைய தப்பைத் திருத்திக்கொண்ட மாணவரிடம் வரும் அடுத்த கட்டத் தப்பு. "ஹேவ்" போய்விட்டது, ஆனால் சீன வாக்கியத்தின் எலும்பு அப்படியே இருக்கிறது. சீனத்தில் "யோ" போட்டு "நிறையப் பேர் இருக்கிறார்கள்" என்று தொடங்கி, அந்த "நிறையப் பேர்" மேலேயே அடுத்த வினையை ஏற்றிவிடலாம். ஆங்கிலம் ஒரு வாக்கியத்தில் இரண்டு வினையை அப்படிச் சும்மா அடுக்க விடாது.

நடுவில் "ஹூ" போடச் சொல்லித்தருவது வழக்கம். நான் அதைச் சொல்லமாட்டேன். "தேர் ஆர்" இரண்டையும் விரலால் மறைத்துவிட்டு மீதியைப் படிக்கச் சொல்லுங்கள்: "மெனி பீப்பிள் லைக் திஸ் கேம்". வாக்கியம் முழுமையாக நிற்கிறது, முன்னைவிட நன்றாகவும் இருக்கிறது.

அறிகுறி: "ஐ ஹேவ் சீ த மெயில்"

இதற்கு முதலில் ஊரைக் கேளுங்கள். மாணவர் பெய்ஜிங் பக்கமா, தைவானா, இல்லை வீட்டில் ஹொக்கியன் பேசும் குடும்பமா? வடக்கத்திய மாண்டரினில் "பார்த்தேன்" என்பதற்கு வினைக்கு முன்னால் "யோ" வராது. தைவானில் பேசும் மாண்டரினில் ஹொக்கியன் வகை மொழியின் செல்வாக்கால் "வோ யோ கான்" என்று சொல்வார்கள்: நான், யோ, பார். அதை அப்படியே ஆங்கிலத்தில் வைத்தால் "ஐ ஹேவ் சீ" தான் வரும். ஆக அவர் பிரசன்ட் பெர்ஃபெக்ட் எழுதப் போய்த் தவறவிட்டவர் என்று எண்ணிவிடக் கூடாது. "பார்த்தது உண்மைதான்" என்று அழுத்திச் சொல்கிறார், அவ்வளவே. பெரும்பாலும் அவருக்குத் தேவைப்படுவது "ஐ சா த மெயில்".

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இதே "யோ" பேச்சு ஆங்கிலத்தில் "காட்" ஆக உலவுகிறது. "ஹியர் காட் மெனி பீப்பிள்", "காட் சீட் ஆர் நாட்?" அங்கே வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகளும் இப்படிப் பேசுவார்கள். காப்பிக் கடையில் பேசுவதைத் திருத்தப் போகாதீர்கள், அந்த இடத்துக்கு அது சரியான பேச்சு. தேர்வுத் தாளில் எழுதும்போது "காட்" வரும் இடத்தில் "தேர் இஸ்" வேண்டுமா, "ஹேவ்" வேண்டுமா என்று பிரித்துப் பார்க்க மட்டும் பழக்கினால் போதும்.

அறிகுறி: "ஐ ஹேவண்ட் ஈட்"

கேட்கும் ஒலி "மெய்யோ". சீனத்தில் மற்ற வினைகளைப் பொதுவாக "பூ" போட்டு மறுப்பார்கள். "யோ" மட்டும் "மெய்" போட்டுத்தான் மறுக்கப்படும். அதே "மெய்யோ" இன்னொரு வினைக்கு முன்னால் வந்தால் "அந்தச் செயல் நடக்கவில்லை" என்று ஆகும். "வோ மெய்யோ ச்சி": நான் சாப்பிடவில்லை. இதில் "ச்சி" என்ற வினை எந்த மாற்றமும் இல்லாமல் நிற்கிறது, ஏனென்றால் சீன வினைகள் காலத்துக்கோ ஆளுக்கோ ஏற்ப உரு மாறுவதே இல்லை. மாணவர் "மெய்யோ" இருந்த இடத்தில் "ஹேவண்ட்" வைத்துவிட்டு, பின்னால் வந்த வினையைத் தொடாமல் விட்டுவிட்டார்.

ஆக, இந்த மாணவர் பாதித் தூரம் வந்துவிட்டார். "ஹேவண்ட்" வந்ததும் அடுத்த சொல்லை மூன்றாம் வடிவத்துக்கு மாற்றும் பழக்கம் மட்டும் பாக்கி. ஈட்டன், சீன், டன், கான், ரிட்டன் என்று அவர் தினமும் பயன்படுத்தும் வினைகளில் ஒரு கைப்பிடி எடுத்து, வாயால் சொல்லிப் பழக்குங்கள். நேற்று நடக்காததைச் சொல்ல வந்திருந்தால் "டிடண்ட் ஈட்" என்று முழுதாக மாற்ற வேண்டும். "மெய்யோ" இரண்டுக்கும் பொது என்பதால், அந்தத் தேர்வை மாணவர் தானாகச் செய்யமாட்டார். நீங்கள்தான் கேட்க வேண்டும்: "இன்னும் சாப்பிடவில்லையா, அன்றைக்குச் சாப்பிடவில்லையா?"

அறிகுறி: "ஐ ஹேவ் பீன் டு பெய்ஜிங் லாஸ்ட் இயர்"

கேட்கும் ஒலி "குவோ". பள்ளியில் "குவோ" வந்தால் "ஹேவ்" போடு என்று ஒரு குறுக்குவழி மனதில் பதிந்திருக்கும். பல நேரம் அது சரியாகவே வேலை செய்யும், அதனால்தான் ஆபத்து. "வோ ச்சூநியேன் ச்சூ குவோ பெய்ஜிங்" என்பது நல்ல சீனம்: நான், போன வருடம், போ, குவோ, பெய்ஜிங். முடிந்துபோன காலத்தைச் சொல்லும் சொல்லும் "குவோ"வும் அங்கே சண்டையில்லாமல் அருகருகே இருக்கும். ஆங்கிலத்தில் "லாஸ்ட் இயர்" வந்துவிட்டால் "ஹேவ்" வெளியேற வேண்டும்: "ஐ வென்ட் டு பெய்ஜிங் லாஸ்ட் இயர்".

இந்தப் பிழையில் தமிழ் ஆசிரியர் கொஞ்சம் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும். "போன வருஷம் பெய்ஜிங் போயிருக்கிறேன்" என்று தமிழில் சொன்னால் நம் காதுக்கு உறுத்தாது. அதனால் இது நம் கண்ணுக்கும் தப்பிவிடக்கூடியது. வாக்கியத்தில் "எப்போது?" என்ற கேள்விக்குப் பதிலாக ஒரு சொல் இருக்கிறதா என்று தேடுங்கள். நேற்று, போன வாரம், 2019, மூன்று நாளுக்கு முன், சின்ன வயதில் என்று முடிந்துபோன ஒரு நேரம் இருந்தால் "ஹேவ்" கிடையாது. எவர், நெவர், ஆல்ரெடி, சின்ஸ் இருந்தால் "ஹேவ்" தாராளமாக வரலாம்.

"பீன் டு", "கான் டு" குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். "தா ச்சூ குவோ பெய்ஜிங்" என்றால் அவர் போய்ப் பார்த்த அனுபவம் உண்டு, ஆள் திரும்பி வந்துவிட்டார்: "ஹீ ஹேஸ் பீன் டு பெய்ஜிங்". "தா ச்சூ பெய்ஜிங் ல" என்றால் கிளம்பிப் போய்விட்டார், ஆள் இங்கே இல்லை: "ஹீ ஹேஸ் கான் டு பெய்ஜிங்". இந்த ஓர் இடத்தில் சீனமும் ஆங்கிலமும் அழகாகப் பொருந்துகின்றன. ஆனால் இதை வைத்து "ல" வந்தால் "ஹேவ்" என்று மட்டும் யாருக்கும் சொல்லிக் கொடுத்துவிடாதீர்கள். விலையைக் கேட்டுவிட்டு "தாய் குவே ல", ரொம்ப விலை, என்பார்கள். அதிலும் "ல" இருக்கிறது, பெர்ஃபெக்ட் எங்கும் இல்லை.

அறிகுறி: "ஐ ஹேவ் பாட் திஸ் ஃபோன் ஃபார் டூ இயர்ஸ்"

இந்தப் பட்டியலிலேயே எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது இதுதான். நல்ல ஆங்கிலம் பேசும், அலுவலகத்தில் ஆங்கிலத்திலேயே மின்னஞ்சல் எழுதும் மாணவர்களிடமும் இது ஒட்டிக்கொண்டிருக்கும். "ஹீ ஹேஸ் கம் ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ்", "தே ஹேவ் மேரீட் ஃபார் டென் இயர்ஸ்" எல்லாம் இதே குடும்பம்.

சீனத்தில் சொல்லச் சொன்னால் "தா லாய் ல சான் நியேன் ல" என்பார். அவர், வா, ல, மூன்று வருடம், ல. இரண்டு "ல" இருப்பதைக் கவனியுங்கள். முதலாவது, வந்தது நடந்து முடிந்ததைச் சொல்கிறது. கடைசியில் நிற்பது, அந்தக் கணக்கு இன்றுவரை ஓடிக்கொண்டிருக்கிறது என்று சொல்கிறது. தமிழில் இதை எப்படிச் சொல்வோம்? "அவர் வந்து மூன்று வருடம் ஆகிறது." கடைசி "ல" செய்யும் வேலையை நமக்கு "ஆகிறது" செய்கிறது. இரண்டு மொழியிலும் நடந்த செயலில் கோடு போட்டு, அங்கிருந்து வருடத்தை எண்ணுகிறோம்.

ஆங்கிலத்தில் "ஃபார்" போட்டு வருடம் எண்ண வேண்டுமானால் அத்தனை வருடமும் நீடிக்கிற ஒன்று வேண்டும். வாங்குவது ஒரு நிமிட வேலை, அது இரண்டு வருடம் நீடிக்காது. நீடிப்பது, வாங்கியதற்குப் பிறகு ஃபோன் கையில் இருப்பது. ஆகவே மாணவரிடம் கேட்க வேண்டிய கேள்வி: "அந்தச் செயலுக்குப் பிறகு எது மிச்சம்?" வாங்கியபின் மிச்சம், வைத்திருப்பது: "ஐ ஹேவ் ஹேட் திஸ் ஃபோன் ஃபார் டூ இயர்ஸ்". வந்தபின் மிச்சம், இங்கே இருப்பது: "ஹீ ஹேஸ் பீன் ஹியர்". கல்யாணத்துக்குப் பின் மிச்சம், மணமானவர்களாக இருப்பது: "தே ஹேவ் பீன் மேரீட்". சங்கத்தில் சேர்ந்தபின், உறுப்பினராக இருப்பது: "ஐ ஹேவ் பீன் எ மெம்பர்". நூலகத்தில் இரவல் வாங்கியபின், வைத்திருப்பது: "ஐ ஹேவ் கெப்ட் இட்".

சீனப் பள்ளிகளில் இதற்கென்றே ஒரு பாடம் உண்டு. நீடிக்கும் வினை, நொடியில் முடியும் வினை என்று இரண்டாகப் பிரித்து, "பை" வந்தால் "ஹேவ்", "பாரோ" வந்தால் "கீப்", "டை" வந்தால் "பீ டெட்" என்று இணை இணையாக மனப்பாடம் செய்ய வைப்பார்கள். மாணவருக்கு அந்தப் பட்டியல் ஞாபகம் இருந்தால் அதையே பிடித்துக்கொள்ளுங்கள். பட்டியலில் இல்லாத வினை வரும்போதுதான் அவர் திணறுவார், அப்போது மேலே சொன்ன கேள்வி கைகொடுக்கும்.

"ஹேவ் ஹேட்" என்று அடுத்தடுத்து வருவதைப் பார்த்ததும் பல மாணவர்கள் அச்சுப் பிழை என்று நினைத்து ஒன்றை அடித்துவிடுவார்கள். முதலாவது துணைவினை, இரண்டாவதுதான் "வைத்திரு" என்று பொருள் தரும் வினை. இரண்டாவதை எடுத்துவிட்டு அங்கே "யூஸ்ட்" வைத்துப் படிக்கச் சொல்லுங்கள்: "ஐ ஹேவ் யூஸ்ட் திஸ் ஃபோன்". அந்த இடம் ஒரு முழு வினைக்கான இடம் என்று புரிந்துவிடும். கேள்வியிலும் இதே கதைதான். "ஹவ் லாங் ஹேவ் யூ பாட்" என்று கேட்பவர் "ஹவ் லாங் ஹேவ் யூ ஹேட்" என்று கேட்கப் பழக வேண்டும்.

எதிர்மறையில் மட்டும் இந்த விதி தளரும். "ஐ ஹேவண்ட் பாட் எ ஃபோன் ஃபார் ஃபைவ் இயர்ஸ்" சரியான வாக்கியம், ஏனென்றால் வாங்காமல் இருப்பது ஐந்து வருடம் நீடிக்க முடியும். விதியை இறுகப் பிடித்துக்கொண்ட மாணவர் இதையும் தப்பு என்று திருத்தப் போவார், தடுத்துவிடுங்கள்.

அப்புறம் மரணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பட்டியலின்படி "மை கிராண்ட்ஃபாதர் ஹேஸ் பீன் டெட் ஃபார் ஃபைவ் இயர்ஸ்" என்பதில் இலக்கணப் பிழை இல்லை. ஆனால் சொந்தத் தாத்தாவைப் பற்றிச் சொல்லும்போது அது காதுக்குக் கடினமாக ஒலிக்கும். "மை கிராண்ட்ஃபாதர் டைட் ஃபைவ் இயர்ஸ் எகோ" என்று சொல்லிக் கொடுங்கள். இந்த "எகோ" வழி மற்ற எல்லா வாக்கியத்துக்கும் கூட உதவும். "ஹேவ் ஹேட்" வராதவருக்கு "ஐ பாட் இட் டூ இயர்ஸ் எகோ" ஒரு நல்ல ஊன்றுகோல்.

அறிகுறி: "வீ ஓப்பன் எ மீட்டிங்", "ஐ ஆம் ஃபீவர்"

இங்கே "ஹேவ்" வர வேண்டிய இடத்தில் வரவே இல்லை. கேட்கும் ஒலி "காய்" என்றால் முதல் வகை. சீனத்தில் கூட்டம் நடத்துவதும் பார்ட்டி வைப்பதும் "காய்" தான். விளக்குப் போடுவதும் வண்டி ஓட்டுவதும்கூட அதே சொல்தான். கூட்டமும் பார்ட்டியும் ஆங்கிலத்தில் "ஹேவ்" பக்கம் போகின்றன: "ஹேவ் எ மீட்டிங்", "ஹேவ் எ பார்ட்டி". விளக்கு "டர்ன் ஆன்", வண்டி "டிரைவ்".

"காய்" கேட்கவில்லை, உடம்பு சரியில்லை என்பது விஷயம் என்றால் இரண்டாம் வகை. சளி பிடிப்பதற்குக் "கான்மாவ்", காய்ச்சல் அடிப்பதற்கு "ஃபாஷாவ்": இரண்டையும் சீனத்தில் வினையாகவே பயன்படுத்துவார்கள், "இருக்கிறது" என்று தனியே ஒன்று வேண்டாம். அதனால்தான் "ஐ ஆம் ஃபீவர்", "ஐ ஆம் ஹெடேக்" என்று வருகிறது. "ஐ ஹேவ் எ ஃபீவர்", "ஐ ஹேவ் எ கோல்ட்", "ஐ ஹேவ் எ ஹெடேக்" மூன்றையும், நடுவில் உள்ள "எ" விட்டுப்போகாமல், ஒரே மூச்சில் சொல்லப் பழக்குங்கள். மருத்துவரிடம் தேவைப்படும் வாக்கியங்கள் இவை, காத்திருக்கக் கூடாது. "ஐ ஆம் கோல்ட்" என்று சொன்னால் மருத்துவர் போர்வை கொடுப்பார், சளி என்று புரிந்துகொள்ளமாட்டார்.

அறிகுறி: "ஹீ ஹேஸ் ஒன் பாயிண்ட் எய்ட் மீட்டர்ஸ்"

மறுபடியும் "யோ". உயரம், அகலம், வயது இவற்றை மதிப்பிட்டுச் சொல்ல அவர்கள் "யோ" போடுவார்கள். ஆங்கிலத்தில் அளவு என்றால் "இஸ்": "ஹீ இஸ் ஒன் பாயிண்ட் எய்ட் மீட்டர்ஸ் டால்". எண்ணும் அலகும் சேர்ந்து வந்தாலே "ஹேவ்" மேல் சந்தேகப்படச் சொல்லுங்கள்.

அறிகுறி: "ஐ கட் மை ஹேர் எஸ்டர்டே"

இதில் இலக்கணப் பிழையே இல்லை, அதனால் நாம் டிக் போட்டுவிட்டுப் போய்விடுவோம். அவர் கண்ணாடி முன் நின்று தானே வெட்டிக்கொண்டாரா, சலூனுக்குப் போனாரா என்று கேளுங்கள். சீனத்தில் இரண்டுக்கும் ஒரே வாக்கியம் போதும். தமிழிலும் "முடி வெட்டிக்கொண்டேன்" என்றால் சலூன் என்று எல்லோருக்கும் புரியும். ஆங்கிலத்தில் வேறொருவர் செய்தார் என்றால் "ஹேவ்" வேண்டும்: "ஐ ஹேட் மை ஹேர் கட்". பேச்சில் "காட்" என்றும் வரும்.

வரிசை முக்கியம். ஹேட், பொருள், மூன்றாம் வடிவம். பொருளைக் கடைசிக்குத் தள்ளி "ஐ ஹேட் கட் மை ஹேர்" என்று எழுதினால் "அதற்கு முன்பே நானே வெட்டியிருந்தேன்" என்று பொருளே மாறிவிடும். கம்ப்யூட்டர் பழுதுபார்த்தது, சட்டை தைத்தது, பல் சுத்தம் செய்தது என்று மாணவரின் வாழ்க்கையிலிருந்தே உதாரணம் எடுத்துப் பழக்கினால் சீக்கிரம் பதியும்.

அறிகுறி: எழுத்தில் "ஐ ஹேவ் சீன்", பேச்சில் "ஐ சீன்"

எழுத்தில் சரி, பேச்சில் மட்டும் காணோம் என்றால் இலக்கணப் பாடத்தை மூடி வையுங்கள். இது நாக்கு சம்பந்தப்பட்டது. மாண்டரினில் ஓர் அசை உயிரொலியில் முடியும், இல்லாவிட்டால் "ன்", "ங்", "ர்" இவற்றில் முடியும். "வ்" என்ற ஒலியில் முடியும் அசை கிடையாது. "ஹேவ்" என்பதன் கடைசி ஒலி அதனால் "ஃப்" ஆகும், அல்லது கரைந்துபோகும். "ஐவ்" என்று சுருங்கினால் மிச்சம் "ஐ" மட்டும். "ஹேஸ்" என்பதன் கடைசி ஒலிக்கும் இதே கதிதான், ஆகவே "ஹீ ஹேவ்" என்று சொன்னாரா "ஹீ ஹேஸ்" என்று சொன்னாரா என்பதே சில சமயம் தெரியாது.

தனியாக "வ், வ்" என்று பயிற்சி கொடுப்பது பலன் தராது. அடுத்த சொல் உயிரெழுத்தில் தொடங்கும் வாக்கியமாகப் பார்த்து எடுங்கள். "ஐவ் ஈட்டன்" என்பதை "ஐ வீட்டன்" என்று பிரித்துச் சொல்ல வையுங்கள். "வ்" இப்போது அசையின் தொடக்கத்துக்கு வந்துவிட்டது. முடிவில் சொல்வதைவிடத் தொடக்கத்தில் சொல்வது அவர்களுக்கு எளிது. "ஐவ் ஆல்வேஸ்", "வீவ் ஆஸ்க்ட்" என்று சில நாள் போனபின் "ஐவ் சீன்" பக்கம் வாருங்கள்.

அறிகுறி: "யூ மஸ்ட் நாட் கம் டுமாரோ" என்று சொல்கிறார், ஆனால் தடுக்கவில்லை

சீனத்தில் "பூயோங்" என்றால் தேவையில்லை. அதைச் சொல்ல வந்து "மஸ்ட் நாட்" என்றுவிட்டால், "நாளைக்கு வர வேண்டியதில்லை" என்பது "நாளைக்கு வரவே கூடாது" ஆகிவிடும். "டோண்ட் ஹேவ் டு" என்பதை ஒரே சொல்லாக மனதில் ஏற்றிவிடுங்கள். "ஹேவண்ட் டு" என்று எழுதுபவருக்கும் இதே மருந்துதான்.

அறிகுறி: "ஹேவண்ட் யூ ஈட்டன்?" என்றால் "எஸ், ஐ ஹேவண்ட்"

"சாப்பிடவில்லையா?" என்று கேட்டால் நாம் "ஆமாம், சாப்பிடவில்லை" என்கிறோம். சீனர்களும் கேட்டவர் சொன்னது சரி என்பதற்கு "ஆமாம்" போட்டுத்தான் தொடங்குவார்கள். ஆங்கிலம் கேள்வியின் வடிவத்தைப் பார்க்காது. சாப்பிட்டிருந்தால் "எஸ், ஐ ஹேவ்", இல்லையென்றால் "நோ, ஐ ஹேவண்ட்". குழம்பும் மாணவர் "எஸ்", "நோ" இரண்டையும் விட்டுவிட்டு வெறும் "ஐ ஹேவண்ட்" என்று சொன்னால் போதும்.

எல்லாம் ஒரே பத்தியில் வந்தால்

இப்படி ஒரு பத்தி கைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம்: "இன் மை ஹோம்டவுன் ஹேவ் எ ரிவர். இட் ஹேஸ் ஃபிஃப்டி மீட்டர்ஸ் வைட். தேர் ஆர் மெனி பீப்பிள் ஃபிஷ் தேர். ஐ ஹேவ் லெஃப்ட் மை ஹோம்டவுன் ஃபார் டென் இயர்ஸ். ஐ ஹேவ் பீன் பேக் லாஸ்ட் இயர். ஐ வாஸ் ஃபீவர், ஸோ மை மதர் செட் ஐ மஸ்ட் நாட் ஹெல்ப் ஹர்."

ஏழு தப்பு. ஏழையும் ஒரே நாளில் அடிக்காதீர்கள், மாணவர் சோர்ந்துவிடுவார். முதலில் பொருளைத் திசைமாற்றும் தப்பை எடுங்கள். அது கடைசி வாக்கியத்தில் இருக்கிறது: உதவி வேண்டாம் என்று பாசத்தோடு சொன்ன அம்மாவை "மஸ்ட் நாட்" கண்டிப்பானவராகக் காட்டுகிறது. அது "ஐ டிடண்ட் ஹேவ் டு ஹெல்ப் ஹர்" ஆகட்டும், கூடவே "ஐ ஹேட் எ ஃபீவர்". அடுத்து "யோ" தந்த மூன்றையும் ஒரே அமர்வில் பார்க்கலாம், மூலம் ஒன்றே என்பதால்: "தேர் இஸ் எ ரிவர்", "இட் இஸ் ஃபிஃப்டி மீட்டர்ஸ் வைட்", "மெனி பீப்பிள் ஃபிஷ் தேர்". "லாஸ்ட் இயர்" இருப்பதைச் சுட்டிக்காட்டினால் "ஐ வென்ட் பேக்" என்று அவரே மாற்றிக்கொள்வார். பத்து வருட வாக்கியத்தை அடுத்த வகுப்புக்கு வைத்துக்கொண்டு, "ஊரை விட்டு வந்தபின் எது மிச்சம்?" என்ற கேள்வியை மட்டும் வீட்டுப்பாடமாகக் கொடுத்து அனுப்புங்கள். "ஐ ஹேவ் பீன் அவே" என்று யோசித்து வந்தாலும் சரி, "ஐ லெஃப்ட் டென் இயர்ஸ் எகோ" என்று வந்தாலும் சரி.